இருநூத்தி அம்பத்தாறு ஃபோல்டர்

பையை மேல வைக்கச் சொல்றீங்களா? வேணாம் சார், மடியிலேயே இருக்கட்டும். பாத்தா சாப்பாட்டுப் பை மாதிரிதான் தெரியும், உள்ள இருக்கறது ஹார்ட் டிஸ்க். குலுங்கக் கூடாதுன்னு ரெண்டு துண்டுல சுத்தி, மேல ஒரு பனியனையும் சுத்தி வச்சிருக்கேன். ஆத்தூர் வரைக்கும்தானே? பெரம்பலூர்லேருந்து என்ன, ஒண்ணரை மணி நேரம். நீங்க காலை நல்லா நீட்டிக்குங்க.

மச்சினிச்சி வீட்டுக்குப் போறேன். என் சம்சாரம் சுலோச்சனா அங்கதான் இருக்கா. இன்னியோட பதினஞ்சு நாள். தெருவுல கேட்டவங்ககிட்ட, தங்கச்சிக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி வச்சிருக்கேன். உங்ககிட்ட என்னத்தை மறைக்கறது, இறங்கினா நீங்க யாரோ நான் யாரோ. சண்டையெல்லாம் கிடையாது சார். சத்தமா ஒரு வார்த்தை ரெண்டு பேரும் பேசிக்கல. எல்லாம் இந்த இடப் பிரச்சினைதான். வீட்டு இடமில்ல, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற இடம்.

நான் தாலுகா ஆபீஸ்ல ரெக்கார்டு கீப்பரா இருந்தேன். ரிட்டயராகி ரெண்டு வருஷம். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ்ல இருபத்தொரு வருஷம் ரெக்கார்டு ரூம்தான். ரெக்கார்டு ரூம்னா பழைய காகிதத்தைப் போட்டு வைக்கற இடம்னு ஜனங்க நினைக்கறாங்க. எல்லாத்தையும் வச்சுக்கிட்டா அது ரெக்கார்டு ரூம் இல்ல சார், குப்பைக் கிடங்கு. எதை நிரந்தரமா வைக்கணும், எதைப் பத்து வருஷம் வைக்கணும், எதை ஒரே வருஷத்துல கிழிச்சுப் போடணும், எல்லாத்துக்கும் விதி இருக்கு. வருஷா வருஷம் களையெடுக்கணும். நான் இருந்த வரைக்கும் ஒரு ரேக்குல ஒரு கட்டு பிதுங்கினது கிடையாது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருத்தர், "இந்த ரூம்லதான்யா மூச்சு விட முடியுது"ன்னாரு. அதை என் பணி நிறைவு விழாவுலயும் எடுத்துச் சொன்னாங்க. மூணு மணி நேர விழா, முழுசா வீடியோ எடுத்திருந்தோம்.

சரி, விஷயத்துக்கு வரேன். என் பையன் பெங்களூர்ல இருக்கான். புதுப் போன் வாங்கிட்டு, பழசை அம்மாவுக்குக் குடுத்தான். பழசுன்னாலும் விலையான போன். மாசத்துக்கு ஒரு தடவை அதைக் கம்ப்யூட்டர்ல சொருகி பேக்கப் எடுக்கணும்னு சொல்லிக் குடுத்தான். போன்ல இருக்கறது பூராவுக்கும் ஒரு நகல் கம்ப்யூட்டருக்குள்ள வந்துடும். நாளைக்குப் போன் தொலைஞ்சாலும் உள்ள இருந்தது தொலையாது. நல்ல ஏற்பாடுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இடம்? ஒருநாள் கம்ப்யூட்டரைத் திறக்கறேன், செவப்புக் கோடு. நிரம்பிடுச்சுன்னு அர்த்தம். எனக்கு அன்னைக்கு மத்தியானம் சோறு இறங்கல. யாரு இவ்வளவையும் தின்னதுன்னு தேடிப் பாத்தா, சுலோவோட பேக்கப். தொண்ணூத்தி நாலு ஜிபி.

ஒரு பொம்பளைக்கு எதுக்கு சார் தொண்ணூத்தி நாலு ஜிபி? தப்பா சொல்லல, சும்மா கேக்கறேன்.

பையனுக்குப் போன் போட்டேன். "எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒண்ணு வாங்குங்கப்பா, பேக்கப்பை அதுக்கு மாத்திடலாம், கம்ப்யூட்டர் காலியாயிடும்"னான். வாங்கினேன். கடைக்காரர் பெருசு பெருசா காட்டினாரு. நான் இருக்கறதுலயே சின்னதா, நூத்தி இருபத்தெட்டு ஜிபி எடுத்தேன். பெரிய வீடு கட்டினா பெரிய குப்பை சேரும். ஞாயித்துக்கிழமை பையன் வீடியோ கால்ல வந்து, இதை அமுக்குங்க அதை அமுக்குங்கன்னு சொல்லி, புதுசா ஒரு பேக்கப்பை நேரா டிஸ்க்குலயே எடுக்க வச்சான். கம்ப்யூட்டர்ல இருந்ததை அழிச்சோம். செவப்புக் கோடு நீலமாச்சு. ஊருக்கெல்லாம் மிட்டாய் குடுக்கலாம் போல இருந்துச்சு சார். காலைக் கட் பண்றதுக்கு முன்னாடி அவன் ஒண்ணு சொன்னான். "அப்பா, அந்த ஃபோல்டருக்குள்ள மட்டும் கை வைக்காதீங்க."

பெத்த அப்பன்கிட்ட பேசற பேச்சா அது? வருஷத்துக்கு ஒண்ணுன்னு இருபத்தொரு ஜமாபந்தித் தணிக்கை பாத்தவன் நான்.

கை வைக்கணும்னு திறக்கல. பாக்கணும்னுதான் திறந்தேன். உள்ள இருநூத்தி அம்பத்தாறு ஃபோல்டர். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டே எழுத்துல பேர். அதுக்குள்ள அம்பது அறுபது ஃபைல். ஒவ்வொரு ஃபைலுக்கும் நாப்பது எழுத்து நீளத்துக்கு ஒரு பேர், எழுத்தும் நம்பரும் கலந்து, கீபோர்டு மேல பூனை நடந்த மாதிரி. பொருள் கிடையாது, யாரு யாருக்கு அனுப்பினதுன்னு கிடையாது, வரிசை எண் கிடையாது. இப்படி ஒரு ரூமை என்கிட்ட ஒப்படைச்சிருந்தா, சத்தியமா சார்ஜ் எடுத்திருக்க மாட்டேன்.

மறுநாளே ஆரம்பிச்சேன். காலையில பத்து மணிக்கு உக்காருவேன். ஒண்ணேகாலுக்குச் சாப்பாடு, ரெண்டு மணிக்குத் திரும்ப சீட்டுக்கு. அஞ்சே முக்காலுக்கு எந்திரிப்பேன். ஒரு நாளைக்குப் பன்னெண்டு ஃபோல்டர். பேரெல்லாம் ஒழுங்கா வச்சேன் சார். முதல்ல சுலோ, அப்புறம் வருஷம், அப்புறம் வரிசை எண். நடுவுல சாய்வுக் கோடு போட அது விடல, அதனால படுக்கைக் கோடு. பழைய பேரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஆபீஸ்ல அதுக்குன்னு தனியா ஒரு கிளார்க் உண்டு. வீட்டுல நான் ஒருத்தன்தானே?

என்ன சார்? இருங்க, இருங்க, முடிச்சுடறேன்.

களையெடுப்பையும் கையோட செஞ்சேன். சில ஃபைல் மட்டும் கொழுத்துக் கிடந்துச்சு. தட்டிப் பாத்தா திறக்கல. திறக்காத ஃபைலுக்கு எதுக்கு அவ்வளவு இடம்? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். முதல் ஆறு நாளும் அதுல ஒரு முன்னூறை அழிச்சு, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினேன். அந்த இடத்துல என் விழா வீடியோவை ஏத்தினேன், அதுவும் கம்ப்யூட்டர்ல முப்பது ஜிபியை அடைச்சுக்கிட்டு இருந்துச்சுல்ல. இடம் போதும்னு ஆனதும் அழிக்கறதை விட்டுட்டேன். இதையெல்லாம் சுலோகிட்ட கேக்காம செய்யல, அதையும் சொல்லிடறேன். டிஸ்க் வாங்கறதுக்கு முன்னாலயே கேட்டேன். அவ உள் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இருந்தா. "சுலோ, பெரிய பெரிய ஃபைல் எல்லாம் தூக்கிடட்டுமா?"ன்னேன். "ம்"னா. ம்னா சரின்னுதானே அர்த்தம்?

இருபத்திரண்டு நாள்ல வேலை முடிஞ்சுது. அதுக்கு மூணாம் நாள் போன் மாவுல விழுந்துடுச்சு.

கிரைண்டர் விளிம்புல போனை வச்சுக்கிட்டு, தங்கச்சி வசுமதியோட பேசிக்கிட்டே உளுந்தைத் தள்ளி விட்டுக்கிட்டு இருந்திருக்கா. வழுக்கி உள்ள போயிடுச்சு. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைக்கறதுக்குள்ள குழவியோட ரெண்டு சுத்து சுத்திடுச்சு. சுலோ பதறவே இல்ல. மாவைத் துடைச்சுக்கிட்டே, "போனா போவுது, எல்லாம் உங்க டிஸ்க்குல பத்திரமா இருக்குல்ல?"ன்னா. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல அவ என்னை அப்படிப் பெருமையா பாத்தது அன்னைக்குத்தான் சார். எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

அதே மாதிரி போன் ஒண்ணு செகண்ட்ஸ்ல வாங்கிட்டு வந்து சொருகினோம். பேக்கப் சிதைஞ்சிருக்குன்னு வந்துச்சு. கழட்டி மாட்டினேன், திரும்பவும் அதேதான். சரின்னு ரெண்டு பேருமா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பர்வீன்னு ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கு, அங்க எடுத்துக்கிட்டுப் போனோம். கெட்டிக்காரப் பொண்ணு. ஒவ்வொரு ஃபோல்டராத் திறந்து பாத்துச்சு. அப்புறம், "சார், யாரு இதுக்கெல்லாம் பேரு மாத்தினது?"ன்னுச்சு.

"நான்தாம்மா"ன்னேன்.

"எல்லாத்துக்குமா?"

"ஒண்ணு விடல."

அந்தப் பொண்ணு தலையில கை வச்சுக்கிச்சு. "அந்தப் பேரை வச்சுத்தான் சார் எது எங்க இருக்குன்னு போன் கண்டுபிடிக்கும். ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல பேரை மாத்திட்டா தபால்காரர் என்ன பண்ணுவாரு?"ன்னுச்சு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சு, நான் ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பேருங்க அசிங்கமா இருந்துச்சுங்கறதும் உண்மைதான்.

சுலோ பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்தா. "அப்போ என் பாடம்?"ன்னா.

"என்ன பாடம்?"னேன்.

அப்பத்தான் சார் எனக்கே தெரியும். ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. கண்ணு ரெண்டும் தெரியாது. எங்க ஊர்ல ஹாஸ்டல்ல தங்கி குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்குது. போன தடவை மூணு மார்க்குல போச்சாம். ஒருநாள் ரோட்டைத் தாண்டி விட்டப்ப சுலோவுக்குப் பழக்கம். அதுக்கு வேண்டிய பொஸ்தகம் புள்ளி எழுத்துல கிடைக்கலையாம். அதனால சுலோ வாய்விட்டுப் படிச்சு, போன்ல பதிவு பண்ணித் தரேன்னு ஒத்துக்கிட்டிருக்கா. எட்டு மாசம், வாரத்துல ரெண்டு மத்தியானம், தலா ஒரு மணி நேரம். அறுபத்தொரு பாடம். மாதிரிக்கு முதல் ரெண்டு பாடத்தைத்தான் குடுத்திருந்தாளாம். மிச்சத்தை, அந்தப் பொண்ணு ஈஸ்டருக்குப் போயிட்டு ஊர்லேருந்து வந்ததும் மெமரி கார்டுல ஏத்திக் குடுக்கறதா பேச்சு. பரீட்சைக்கு அப்ப இருபத்தஞ்சு நாள்தான் இருந்துச்சு.

எட்டு மாசமா உனக்கெப்படிய்யா தெரியாமப் போச்சுன்னு பாக்கறீங்க. அவ ஏதோ ஸ்தோத்திரம் சொல்றான்னு நினைச்சேன் சார். சொன்னாத்தானே தெரியும்?

கடையிலேருந்து நடந்து வரும்போது, "அந்தப் பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"னு ஒரே ஒரு தடவை கேட்டா. மறுநாள் காலையில பொஸ்தகத்தையும், புதுப் போனையும், நாலு புடவையையும் எடுத்துக்கிட்டு ஆத்தூர் பஸ் ஏறிட்டா. டிபன் செஞ்சு மூடி வச்சுட்டுத்தான் போனா, அதையும் சொல்லணும்.

பர்வீன் நல்ல பொண்ணு. "பேருதான் சார் போச்சு, உள்ள இருக்கறது போகல. குரல் பதிவை மட்டும் நான் பொறுக்கி எடுத்துத் தரேன். எது எந்தப் பாடம்னு நீங்கதான் கேட்டு அடுக்கணும்"னுச்சு. மூணு நாள் கழிச்சுக் கூப்பிட்டுச்சு. நாப்பத்தி மூணு கிடைச்சுது. பதினெட்டு இல்ல. "அதெல்லாம் அழிஞ்ச இடத்துல ஏதோ ஒரு பெரிய வீடியோ உக்காந்திருக்கு சார்"னுச்சு. "அதுல முதல்ல பேசறவரு தாசில்தார்"னேன்.

அந்தப் பொஸ்தகத்துல நானும் ஒண்ணு வாங்கினேன், வரிசைப்படுத்தணும்ல. அஞ்சு நாள் உக்காந்து நாப்பத்தி மூணையும் கேட்டேன். சுலோ நல்லாப் படிக்கறா சார். நிறுத்தி நிறுத்தி, கஷ்டமான வார்த்தை வந்தா ரெண்டு தடவை சொல்லி, "புரியுதாம்மா? அடுத்ததுக்குப் போவோமா?"ன்னு கேட்டுக் கேட்டு. எதிர்ல அந்தப் பொண்ணு கிடையாது, வெறும் போன்தான், இருந்தாலும் கேக்கறா. அப்படிப் படிச்சுக்கிட்டே இருக்கறப்ப நடுவுல ஒரு ஆம்பளைக் குரல் வருது. "சுலோ, என் கண்ணாடி எங்க?" கொஞ்ச நேரம் கழிச்சு, "சுலோ, காபி." அப்புறம், "சுலோ, இந்த மோட்டார் சுவிட்சை யார் போட்டது?" யாருடா இவன், ஒரு பாடத்தை ஒழுங்காக் கேக்க விடாமன்னு எனக்கே எரிச்சலா வந்துச்சு. ரெக்கார்டு கீப்பர் புத்தி, எண்ணி எழுதினேன். நாப்பத்தி மூணு பாடத்துல நூத்திப் பன்னெண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் "இரும்மா, வந்துடறேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போறா. திரும்பி வந்து, "எங்க விட்டோம்?"னு தேடிப் பிடிச்சுப் படிக்கறா.

அம்பத்தொன்பதாம் பாடத்துல நான் அந்தப் பெரிய ஃபைலைப் பத்திக் கேட்டதும் இருக்கு, அவ "ம்"னதும் இருக்கு. நான் சொன்னேன்ல, கேட்டுட்டுத்தான் செஞ்சேன்னு? ஆதாரமே இருக்கு. ஆனா அந்த "ம்" எப்படி இருக்குன்னா, சீக்கிரம் போய்த் தொலைய மாட்டானாங்கற மாதிரி இருக்கு சார். அன்னைக்கு நான் டிபன் சாப்பிடல.

ஒரு பாடத்துல படிச்சு முடிச்சுட்டு நிறுத்த மறந்துட்டா. அது பாட்டுக்கு நாப்பது நிமிஷம் ஓடுது. ஃபேன் சத்தம். பாத்திரம் கழுவற சத்தம். நான் செருமறேன். நாற்காலியை இழுக்கறேன். ரெண்டு பேரும் வீட்டுலதான் இருக்கோம், நாப்பது நிமிஷத்துக்கு ஒருத்தருக்கொருத்தர் ஒரு பேச்சில்ல. எங்கயாவது பேசுவோம், எங்கயாவது பேசுவோம்னு கடைசி வரைக்கும் கேட்டேன். எனக்கு அழுகை வந்துடுச்சு சார். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன.

எந்தெந்தப் பதினெட்டு போச்சுன்னு உடனே அவளுக்குத் தெரிவிக்கணும்ல. போன் பண்ணா எடுக்கல. வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கலாம்னு பையன் அப்புறம் திட்டினான். இந்த மாதிரி விஷயத்தை முறையாத்தான் தெரிவிக்கணும்னு பட்டியல் எழுதி, ஒப்புகை அட்டையோட ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். அது போய்ச் சேர்றதுக்குள்ள, மூணாம் பாடத்துலேருந்து திரும்ப ஆரம்பிச்சு இருபத்திரண்டு பாடம் படிச்சு முடிச்சிருக்கா. அதுல ஏழுதான் உண்மையிலேயே தொலைஞ்சது. மிச்சப் பதினஞ்சும் என்கிட்ட இருந்தது. அட்டை மட்டும் கையெழுத்தோட ஒழுங்காத் திரும்பி வந்துடுச்சு.

என்ன சொல்ல வந்தீங்க? ஒரு நிமிஷம் சார், இது முக்கியம்.

நாப்பத்தி மூணையும் கார்டுல ஏத்திக்கிட்டு நான்தான் ஹாஸ்டலுக்குப் போனேன். "சுலோச்சனா வீட்டுக்காரர்மா"ன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. "தெரியும் சார். கண்ணாடியைக் காணோம்னு சொல்வீங்களே, நீங்கதானே?"ன்னுச்சு. முதல் ரெண்டு பாடத்துலயே நான் வந்திருக்கேன். "கண்ணாடி கிடைச்சுதா சார்?"னு வேற கேட்டுச்சு. கேலியில்ல சார், நிஜமாவே கேட்டுச்சு. கிடைச்சுதும்மான்னேன். பதினோரு பாடம் பாக்கி, எப்படியும் வந்துடும்னு சொல்லிட்டு வந்தேன். அது கார்டை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிச்சு.

இன்னைக்குக் காலையில வசுமதி போன் பண்ணினா. "மாமா, அக்காவுக்குத் தொண்டை சுத்தமாப் போச்சு. பத்து நாளைக்கு வாயே திறக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. எனக்குக் கடையைப் பாக்கவே நேரம் சரியா இருக்கு. பாக்கி பதினொண்ணையும் நீங்க வந்து படிக்கறீங்களா?"ன்னா. யாரு கேக்கச் சொன்னதுன்னு கேட்டேன். "அக்காதான் எழுதிக் காட்டினா"ன்னா. போனை வச்சதும் முதல் வேலையா விழா வீடியோவை அழிச்சுட்டேன் சார். தாசில்தார், மாலை, சால்வை எல்லாம் போச்சு. பாடத்துக்கு இடம் வேணுமில்ல.

வைக்கறதுக்கு முன்னாடி, "போன்லயே ஒரு பக்கம் படிச்சுக் காட்டுங்க மாமா, அக்கா கேக்கணுமாம்"னா. எனக்கென்ன, முப்பத்தி நாலு வருஷம் ஆபீஸ்ல அரசாணை படிச்சவன். ஊராட்சி அமைப்புன்னு ஒரு பாடம், ஒரு பக்கத்தை ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன். "அக்கா எழுதறா, இருங்க"ன்னா. நான் காத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் வசுமதி படிச்சுக் காட்டினா. "'ரொம்ப வேகம். எதிர்ல ஒரு ஆள் உக்காந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டுப் படிங்க'ன்னு எழுதியிருக்கா மாமா."

வேற ஏதாவது எழுதியிருக்காளான்னு கேட்டேன். இல்ல, அவ்வளவுதான்னா.

அதென்ன சார் பெரிய வித்தை? எதிர்ல ஆள் இருக்குன்னு நினைக்கறதுக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமா? வழியெல்லாம் அதையே யோசிச்சுக்கிட்டுத்தான்...

கிருஷ்ணாபுரம் தாண்டிட்டோமா? எப்ப தாண்டினோம்?

சார், பெரம்பலூர்லேருந்து நான் ஒருத்தனே பேசிக்கிட்டு வரேன். நடுவுல ரெண்டு தடவை நீங்க வாயைத் திறந்தீங்க, நான் விடல. உங்க பேரைக்கூடக் கேக்கலையே நான். இருங்க, இந்த ஜன்னல் ஷட்டரை இறக்கிடறேன், காத்துல ஒண்ணும் காதுல விழல.

ம், இப்ப சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, நான் கேக்கறேன்.